பிணைப் பத்திரங்கள்

ஓர்லெயான் டியூக் ஷார்லைப் பற்றி எழுதியவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். சரித்திரக்காரர்களுக்கு அவர் அஜின்கூர் போரில் பிடிபட்டு 25 வருஷம் இங்கிலாந்தில் கைதியாகக் கிடந்த ஒரு பிரபு. ஒரு அரசனின் தம்பி மகன், இன்னொரு அரசனின் தகப்பன். கவிதையும் எழுதினார் என்பது அவர்களுக்கு ஒரு உபரித் தகவல். இலக்கியக்காரர்களுக்கு அவர் பலாத், ரோந்தோ என்ற கட்டுக்கோப்பான வடிவங்களில் காதலையும் வசந்தத்தையும் முதுமையின் சலிப்பையும் பாடிய, அரசவை மரபின் கடைசிக் கவிகளில் ஒருவர். குடும்பமும் யுத்தமும் அவர்களுக்குப் பின்திரை. ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சியும் ஒத்துப்போகின்றன: இவ்வளவு ரத்தம் பார்த்த வாழ்க்கைக்கும் இவ்வளவு மிருதுவான கவிதைக்கும் சம்பந்தமில்லை. ஆர். எல். ஸ்டீவன்ஸன் 1876ல் எழுதிய கட்டுரை ஆங்கில வாசகர்களிடையே இந்த அபிப்பிராயத்தை நிலைநிறுத்தியது. அவர் பார்வையில் ஷார்ல் இனிமையான, பலவீனமான மனிதர். கவிதை அவருக்குப் பொழுதைத் தள்ளும் உபாயம்.

இந்த அபிப்பிராயம் சரியல்ல என்று நினைக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது. அதை அவர் கவிதையின் உணர்ச்சிகளில் தேடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அக்கவிதை எடுத்தாளும் சொற்களில் தேடவேண்டும்: பிணை, அடமானம், மனு, முத்திரை, கடன் தீர்ந்த ரசீது. ஒரு காதல் கவிஞனுக்கு இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அவருடைய வம்சம் எப்படிக் கல்யாணங்களைச் செய்துகொண்டது என்ற கேள்விக்குப் போகவேண்டியிருக்கிறது.

1

1356ல் புவாத்தியே போரில் பிரான்ஸ் அரசர் 2ம் ழான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1360 உடன்படிக்கையில் அவருக்கு விதிக்கப்பட்ட மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசுகள். யுத்தத்தாலும் கொள்ளைநோயாலும் நொறுங்கிக் கிடந்த ராஜ்யத்தில் அவ்வளவு பணம் இல்லை. பணம் மிலானில் இருந்தது. அந்நகரை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்துக்குச் செல்வத்தில் குறைவில்லை. அரச ரத்தம் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. 6 லட்சம் பொற்காசுகள் கொடுத்து ழானின் மகள் இஸபெலைத் தங்கள் வீட்டுப் பையன் ஜான் கலியாத்ஸோவுக்குக் கட்டிவைத்தார்கள். பெண்ணுக்கு 12 வயது. மாப்பிள்ளை அவளைவிடச் சிறியவன். அரசர் தன் சதையையே ஏலத்தில் விட்டார் என்ற பேச்சு அக்காலத்து எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது.

விற்றும் கடன் தீரவில்லை. பிணையாக ஆங்கிலேயர் வசம் விடப்பட்டிருந்த ழானின் மகன்களில் ஒருவன் 1363ல் தப்பி ஓடிவிட்டான். ழான் தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போய் 1364ல் அங்கேயே இறந்தார். சரித்திரம் இதை வீரப்பண்பு என்று எழுதுகிறது. பிணை ஓடினால் கடன்பட்டவன் வந்து நிற்கவேண்டும் என்ற கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

மிலானுக்குப் போன இஸபெலின் மகள் வாலெந்தீனா. 1387ல் அவளுக்குத் தாய்மாமன் மகனோடு ஒப்பந்தம் ஆயிற்று. அவர் அரசர் 6ம் ஷார்லின் தம்பி லூயி, பின்னாளில் ஓர்லெயான் டியூக். நம் கணக்கில் இது முறை. திருச்சபைக் கணக்கில் தடை. போப்பின் விலக்கு வாங்கி, 1389ல் கல்யாணம் நடந்தது. சீதனமாக ஆஸ்தி நகரமும் நாலரை லட்சம் ஃப்ளாரினும். ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: விஸ்கோந்தி வம்சத்தில் ஆண்வாரிசு அற்றுப்போனால் மிலான் மீது வாலெந்தீனாவுக்கும் அவள் சந்ததிக்கும் உரிமை உண்டு. அன்று யாருக்கும் பெரிதாகத் தெரிந்திராத வரி. 112 வருஷம் கழித்து ஒரு படை அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸைத் தாண்டியது.

தமிழில் பிணை என்ற சொல் ஜாமீனையும் குறிக்கும், கட்டையும் குறிக்கும், பெண்மானையும் குறிக்கும். மூன்று பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். 14ம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரச குடும்பத்தில் மூன்றும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டன.

2

லூயிக்கும் வாலெந்தீனாவுக்கும் 1394 நவம்பர் 24ல் ஷார்ல் பிறந்தார். அப்போது பெரியப்பாவான அரசருக்கு சித்தம் பேதலித்து இரண்டு வருஷமாகியிருந்தது. பைத்தியம் தெளிவதும் திரும்புவதுமாக இருந்த அரசரின் பெயரால் யார் ஆள்வது என்பதில் தம்பி லூயிக்கும் பர்கண்டி வம்சத்தாருக்கும் தீராப் பகை. வாலெந்தீனாதான் சூனியம் வைத்து அரசரின் புத்தியைக் கெடுத்தாள் என்று கதை கட்டினார்கள். இத்தாலியிலிருந்து வந்தவள், விஷத்துக்கும் மந்திரத்துக்கும் பெயர் போன ஊர்க்காரி; கதை எளிதில் பரவிற்று. 1396ல் அவள் அரசவையை விட்டு வெளியேறினாள்.

ஷார்லுக்கு 11 வயதில் முதல் கல்யாணம். 1406, கோம்பியேஞ். மணப்பெண் அரசரின் மகள் இஸபெல், வயது 16. நம் முறையில் பெரியப்பா மகள், அக்கா. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். 7 வயது நிரம்புமுன் சமாதானத்துக்காக இங்கிலாந்து அரசர் 2ம் ரிச்சர்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள். ரிச்சர்ட் பதவி பறிக்கப்பட்டு 1400ல் போண்டிஃப்ராக்ட் கோட்டையில் செத்தார். அடுத்து வந்த 4ம் ஹென்றி பெண்ணைத் திருப்பி அனுப்பினார். சீதனப் பணத்தை அனுப்பவில்லை. அந்த வரவேண்டிய பாக்கியும் இஸபெலோடு ஓர்லெயான் வீட்டுக்கு வந்தது.

1407 நவம்பர் 23 இரவு, பாரீஸ் தெருவில் லூயி வெட்டிக் கொல்லப்பட்டார். ஆள் வைத்துக் கொன்றவர் பர்கண்டி டியூக் ழான், ‘அஞ்சாதவர்’ என்று பட்டப்பெயர். மறுநாள் ஷார்லுக்கு 13 வயது பூர்த்தி. ழான் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், கொடுங்கோலனைக் கொல்வது தர்மமே என்று 1408 மார்ச்சில் ஒரு இறையியல் பண்டிதரை வைத்து அரசவையில் மணிக்கணக்கில் வாதாடச் செய்தார். துக்க உடையோடு பாரீஸ் வந்து அரசரின் காலில் விழுந்த வாலெந்தீனாவுக்கு நீதி கிடைக்கவில்லை. அவ்வருஷம் டிசம்பரில் ப்ளுவாவில் இறந்தாள். 1409 மார்ச்சில், ஷார்த்ர் பேராலயத்தில், 14 வயது ஷார்லும் தம்பிகளும் தகப்பனைக் கொன்றவர் மீது தங்களுக்கு வன்மமில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லவேண்டியதாயிற்று. அரசரின் உத்தரவு. செப்டம்பரில் இஸபெல் ஒரு பெண்குழந்தையைப் பெற்றுவிட்டுச் செத்தாள். 15 வயது முடியுமுன் அவர் தகப்பனில்லாதவர், தாயில்லாதவர், மனைவியை இழந்தவர், ஒரு மகளுக்குத் தகப்பன், பெருங்கடன்களோடு கூடிய ஒரு டச்சியின் தலைவர்.

இரண்டாவது கல்யாணம் உடனே வந்தது. 1410 ஏப்ரலில் ழியான் என்ற ஊரில் பர்கண்டிக்கு எதிராகப் பிரபுக்கள் கூட்டணிப் பத்திரம் எழுதிக்கொண்டபோதே இதுவும் பேசி முடிந்தது. பெண் போன், 11 வயது. தகப்பன் ஆர்மன்யாக் பிரபு பெர்னார். தாய்வழிப் பாட்டன் பெரி டியூக், கூட்டணியின் மூத்தவர். பெர்னாரிடம் தெற்கத்திய முரட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள்; ஷார்லிடம் இருந்தது பழிதீர்க்கும் உரிமை. இரண்டும் சேர்ந்தன. அன்றிலிருந்து இந்தக் கட்சிக்கே ஆர்மன்யாக் கட்சி என்று பெயர் வந்துவிட்டது. தகப்பனை இழந்தவனின் பெயர் போய் மாமனாரின் பெயர் நின்றது. 1411 ஜூலையில் ழார்ழோவிலிருந்து ஷார்ல் பர்கண்டி டியூக்குக்குப் பகைக்கடிதம் அனுப்பினார். உள்நாட்டு யுத்தம் மூண்டது.

1412ல் ஆர்மன்யாக் கட்சி ஆங்கிலேயப் படையைக் கூலிக்கு அழைத்தது. படை வந்து இறங்குவதற்குள் இங்கே பர்கண்டியோடு ராஜி ஆகிவிட்டது. வந்த படை சும்மா திரும்புமா? பேசிய தொகையைக் கேட்டது. பணத்துக்கு ஈடாக ஷார்ல் தன் தம்பி அங்குலேம் பிரபு ழானை அனுப்பினார். பையனுக்கு 12 வயது இருக்கும். ஓரிரு வருஷத்தில் மீட்டுவிடலாம் என்பது கணக்கு. அவர் திரும்பியது 1445ல். இங்கிலாந்தில் வளர்ந்து நரைத்த அந்தத் தம்பிக்குச் சொந்தமாயிருந்த சாசரின் கான்டர்பரி கதைகள் பிரதி ஒன்று இன்றும் பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

3

1415 அக்டோபர் 25, அஜின்கூர். பிணக்குவியலின் அடியிலிருந்து ஷார்லை உயிரோடு இழுத்தார்கள் என்று சொல்வார்கள். வயது 20, இன்னும் ஒரு மாதத்தில் 21. சாதாரணக் கைதியாக இருந்தால் தொகை பேசி ஒன்றிரண்டு வருஷத்தில் விட்டிருப்பார்கள். இவர் பிரெஞ்சு அரியணைக்கு மிக நெருங்கிய ரத்தம். 1422ல் சாகும் தறுவாயில் 5ம் ஹென்றி, கைக்குழந்தையாயிருந்த தன் மகன் வயதுக்கு வரும்வரை ஓர்லெயான் டியூக்கை விடக்கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்தார்.

வின்ட்ஸர், லண்டன் கோபுரம், போண்டிஃப்ராக்ட், ஃபோதரிங்கே, போலிங்புரோக், ஆம்ப்ட்ஹில், விங்ஃபீல்ட் என்று கோட்டை கோட்டையாக மாற்றினார்கள். போண்டிஃப்ராக்ட் அவருடைய முதல் மனைவியின் முதல் கணவர் செத்த இடம். இருட்டறைச் சிறை அல்ல; வேலைக்காரர்கள் உண்டு, புத்தகங்கள் உண்டு, எஸ்டேட் கணக்குகள் கடல் தாண்டி வந்து கையெழுத்தாகித் திரும்பின. ராயல் கையெழுத்துச் சுவடி ஒன்றில், அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு வரைந்த லண்டன் கோபுரச் சித்திரம் இருக்கிறது. ஒரே படத்தில் டியூக் பல தடவை வருகிறார்: எழுதிக்கொண்டிருக்கிறார், ஜன்னலில் நின்று பார்க்கிறார், முற்றத்தில் இறங்கி வருகிறார், குதிரையேறிப் போகிறார். காவலர்கள் சூழ எழுதும் அந்த மேஜைதான் படத்தின் நடு.

வெளியே அவருடைய உறவுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மாமனார் பெர்னாரை 1418ல் பாரீஸ் கும்பல் கொன்றது. தகப்பனைக் கொன்ற பர்கண்டி ழானை 1419ல் மோந்தெரோ பாலத்தில், பேச்சுவார்த்தை என்று அழைத்து, பட்டத்து இளவரசரின் ஆட்கள் வெட்டினார்கள். பழி தீர்ந்தது, தீர்த்தவர் அவரல்ல. போன் 1430களின் முற்பாதிக்குள் இறந்தாள். 1415க்குப் பிறகு அவளை அவர் பார்க்கவே இல்லை.

மகள் ழான் அலான்சோன் டியூக்குக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த மாப்பிள்ளையும் 1424ல் வெர்நெய் போரில் பிடிபட்டு, பெரும்பணம் கொடுத்து மீண்டவர். 1429ல் அவர் ஜோன் ஆஃப் ஆர்க்கோடு போருக்குக் கிளம்பியபோது, அவரை மீட்க ஏற்கனவே எவ்வளவு செலவாகிவிட்டது என்று மனைவி சொல்லிப் பயந்தாளாம். பத்திரமாகத் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று ஜோன் வாக்குக் கொடுத்தாள். அலான்சோனே பின்னாளில் சாட்சியம் சொன்னது இது. 19 வயதுப் பெண்ணின் பயமும் மீட்புத்தொகையின் மொழியில்தான் வெளிவருகிறது. 1432ல் குழந்தையில்லாமல் இறந்தாள். தகப்பன் அப்போதும் இங்கிலாந்தில்.

ஓர்லெயான் நகரத்தை 1428லிருந்து 29 வரை முற்றுகையிலிருந்து காத்து நின்றவர், ஷார்லின் தகப்பனுக்கு வைப்பாட்டியிடம் பிறந்த துனுவா. அடைபட்டிருக்கும் ஒருவரின் மண்ணைத் தாக்குவது போர் முறையல்ல என்ற முறையீடு எடுபடவில்லை. ஓர்லெயான் டியூக்கை மீட்பதும் தன் காரியம் என்று விசாரணையில் ஜோன் சொன்னாள். நகரம் மீண்டபின் அவளுக்குச் சிவப்பு நீளங்கியும் கரும்பச்சை மேலாடையும் தைத்துக் கொடுத்த கணக்கு டியூக்கின் பொக்கிஷக் காகிதங்களில் இருக்கிறது: 13 பொற்காசு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

4

இனி கவிதைக்கு வரலாம்.

அவருடைய கவிதைத் தொகுதி ஒரு நீண்ட உருவகக் கவிதையில் தொடங்குகிறது. இளமை என்பவள் கவிஞனைக் காதல் தேவனின் மாளிகைக்கு அழைத்துப் போகிறாள். அவன் தேவனின் சேவகத்தில் சேர்கிறான். சேரும்போது பிரமாணம் எடுக்கிறான். விசுவாசத்துக்கு ஈடாகத் தன் இதயத்தைப் பிணையாகக் கொடுத்துவிடுகிறான். நல்ல நம்பிக்கை என்ற பெயருள்ள காரியதரிசி சேவக உத்தரவை எழுதுகிறார். அரசு சாசனம் எப்படி எழுதப்படுமோ அதே நடையில், அதே சம்பிரதாயங்களோடு, அது கவிதையில் இடம்பெறுகிறது.

பல பலாத்களுக்குப் பிறகு, காதலி இறந்துபோகிறாள். முதுமை என்பவர் கனவில் வந்து, மானம் போவதற்குமுன் இந்த உத்தியோகத்தை விட்டுவிடு என்கிறார். கவிஞன் காதல் தேவனின் மன்றத்துக்கு மனுப் போடுகிறான்: என் பிரமாணத்திலிருந்து விடுவியுங்கள், பிணை வைத்ததைத் திருப்பிக் கொடுங்கள். மனு ஏற்கப்படுகிறது. இதயத்தைக் கறுப்புப் பட்டில் சுற்றித் தருகிறார்கள். கூடவே கணக்குத் தீர்ந்ததற்கான ரசீதின் நகல். அதில் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது: 1437. இதயத்தை வாங்கிக்கொண்ட கவிஞன், பால்யத்தில் வசித்த பழைய மாளிகை ஒன்றுக்குப் போய்ச் சேருகிறான். மாளிகையின் பெயர் நோன்ஷலுவார். எதையும் பொருட்படுத்தாமை, பட்டுக்கொள்ளாமை என்று சொல்லலாம்.

காதலி யார் என்று பண்டிதர்கள் நிறைய மை செலவழித்திருக்கிறார்கள். போன்தான் என்பவர்கள் உண்டு, ஓர் ஆங்கிலச் சீமாட்டி என்பவர்கள் உண்டு, யாருமே இல்லை, எல்லாம் மரபு என்பவர்கள் உண்டு. அந்த விவாதத்தால் கவிதை ஒரு அங்குலமும் நகர்வதில்லை. காதல் தேவன், இளமை, முதுமை என்ற பாத்திரங்கள் மரபுதான்; ‘ரோஜாவின் கதை’க்குப் பிறகு பிரெஞ்சில் 200 வருஷமாக எல்லாரும் கையாண்டவை. ஆனால் மரபு கொடுத்த பல கருவிகளில் ஒரு கவி எதை இறுகப் பிடிக்கிறான் என்பது அவனுடையது. ஷார்ல் பிடித்தது பத்திரத்தை. தம்பியை ஒரு பத்திரத்தில் பிணை வைத்தவர், தானே ஒரு பத்திரத்துக்காகக் காத்திருப்பவர், பாட்டி ஒரு பத்திரத்தால் விற்கப்பட்டவர் எழுதுகிறார், இதயத்தைப் பிணை வைத்தேன் என்று. வேறொரு கவியிடம் இது அலங்காரம். இவரிடம் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே தூரமே இல்லை. 1437ல் இங்கிலாந்து அவரை விடவில்லை; விடும் என்ற நம்பிக்கையும் தேய்ந்திருந்தது. நிஜத்தில் யாரும் கொடுக்காத விடுதலைப் பத்திரத்தை அவர் தானே எழுதி, தேதி போட்டு, தன் தொகுதியில் ஒட்டிவைத்தார்.

நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: வடிவமும் மரபும் பொய், நேரடியாகச் சொன்ன அனுபவம்தான் மெய். தகப்பன் கொலையைப் பற்றி நேரடியாக எழுதாதவன், அஜின்கூர் பிணக்குவியலைப் பற்றி எழுதாதவன், அனுபவத்திலிருந்து ஓடியவன் என்ற குற்றச்சாட்டு இந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. ஸ்டீவன்ஸன் கட்டுரையின் அடியிலும் இதுதான் இருக்கிறது. ஷார்லுடைய அனுபவத்தின் சாரம் ரத்தத்தில் இல்லை. ரத்தம் ஓரிரு நாள் சமாசாரம். மீதி நாற்பது வருஷமும் காகிதம். எதிலும் தன் பெயர் இருக்கிறது, எதுவும் தன் கையில் இல்லை என்ற நிலையில் ஒருவன் அனுபவிப்பதை பலாத்தின் வடிவம் நன்றாகவே தாங்குகிறது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதே வரிக்குத் திரும்பியே ஆகவேண்டிய கட்டாயம் அந்த வடிவத்தில் இருக்கிறது. எங்கே கிளம்பினாலும் திரும்பி வந்து சேரும் இடம் முன்பே தீர்மானமானது.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய 6,500 வரிகள் கொண்ட ஒரு கவிதைத் தொகுதி ஹார்லி சுவடியாகக் கிடைத்திருக்கிறது. அவருடையதுதான் என்று இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அதில் இதயத்தைத் திரும்பப் பெற்ற பிறகு, இரண்டாவது காதல் ஒன்று வருகிறது. காவலில் வைத்தவர்களின் மொழியில் அவர் மறுபடியும் பிணை கொடுக்கிறார், பிரெஞ்சில் கொடுக்கவில்லை.

5

நிஜமான விடுதலை எதிரியின் வீட்டிலிருந்து வந்தது. கொலையுண்ட பர்கண்டி ழானின் மகன் பிலிப்பும் அவர் மனைவி போர்ச்சுகல் இஸபெலும் 1439லிருந்து பேச்சு நடத்தினார்கள். பிரெஞ்சுப் பிரபுக்கள் ஆளுக்கொரு தொகைக்குப் பிணை எழுதிக் கொடுத்தார்கள். 1440 அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஷார்ல் சத்தியம் செய்த சடங்கில், 5ம் ஹென்றியின் தம்பி குளோஸ்டர் டியூக் எதிர்ப்புத் தெரிவித்து எழுந்து வெளியே போனார். நவம்பரில் ஷார்ல் கடல் தாண்டினார். அம்மாதக் கடைசியில் சேன்ட்-ஓமேரில் மூன்றாவது கல்யாணம். அவருக்கு 46 வயது. மணப்பெண் கிளேவ் மாரி, 14 வயது. பிலிப்பின் சகோதரி மகள். அதாவது தகப்பனைக் கொன்ற ழானின் பேத்தி. அவளுடைய சீதனம் மீட்புக் கடனுக்குப் போயிற்று.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பகை தீர்ந்ததன் அடையாளம் என்று அன்று விழா எடுத்தார்கள். விலை என்றும் சொல்லலாம். கொள்ளுப்பாட்டனை மீட்கப் பாட்டியை விற்ற வம்சத்தில், பேரனை மீட்க எதிரி வீட்டுப் பெண்ணை வாங்கினார்கள். 80 வருஷத்தில் கணக்குப் புத்தகம் ஒரு சுற்று வந்திருந்தது.

அரசியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1447ல் மிலானின் கடைசி விஸ்கோந்தி வாரிசில்லாமல் இறந்ததும், தாயின் கல்யாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸைத் தாண்டினார். ஆஸ்தி கிடைத்தது, மிலான் கிடைக்கவில்லை. 1458ல், பழைய மாப்பிள்ளை அலான்சோன் ராஜத்துரோக வழக்கில் வான்தோமில் விசாரிக்கப்பட்டபோது உயிரை எடுக்கவேண்டாம் என்று கருணை கேட்டுப் பேசினார். மரண தண்டனை லோஷ் கோட்டைச் சிறையாக மாறியது.

மற்றபடி ப்ளுவா, நோன்ஷலுவார். அவருடைய சொந்தப் பிரதி பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் எழுத்தாக்கத் தொடங்கியது. பாடல்களுக்கு மேலே இசைக்குறிப்புக்காக வெற்றிடம் விட்டிருந்தார்கள். இசை வரவே இல்லை. வயதான காலத்தில் அந்த வெற்றிடங்களில் ரோந்தோக்களை நிரப்பினார். வந்துபோன நண்பர்கள், வேலையாட்கள், வைத்தியர் எல்லாரும் அதில் எழுதினார்கள். மாரியின் ரோந்தோக்களும் இருக்கின்றன. திருட்டுக்கும் கொலைக்கும் தேடப்பட்ட பிரான்ஸ்வா வியோன் ஒரு காலம் அங்கே தங்கி, முரண்களையே அடுக்கிக்கொண்டு போகும் ஒரு போட்டிக் கவிதைக்குத் தன் பங்கை எழுதிக் கொடுத்தான். ஷார்லுக்கு 63 வயதில் பிறந்த மகளைப் புகழ்ந்தும் பாடினான்.

அந்தக் கடைசி ரோந்தோக்கள்தான் இந்த நூற்றாண்டுகளைத் தாண்டி வந்தவை. 1908ல் தெபுஸ்ஸி அவர் பாடல்கள் மூன்றைக் கூட்டிசையாக வெளியிட்டார். 1950ல் மத்தீஸ் கவிதைகளைத் தன் கைப்பட எழுதி, கோலமிட்டுப் புத்தகமாக்கினார். 1963ல் ஸ்தரோபின்ஸ்கி எழுதிய கட்டுரை, மனச்சோர்வின் ஆழ்கிணற்றில் நம்பிக்கை என்ற நீரை இறைக்கப் போய், அது கறுத்து மையாகிவிடும் ஷார்லின் ஒரு படிமத்தைப் பற்றியது. நீர் மையானது, அந்த மையில்தான் எழுத முடிந்தது.

6

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடியும்: வாழ்க்கை பிணை வைத்ததைக் கவிதை மீட்டது. ஆனால் பத்திரங்கள் தொடர்கின்றன.

1462ல் ஷார்லுக்கு ஒரு மகன் பிறந்தான், லூயி. 1464 மே மாதம், 69 வயதுக்காரர் சிறந்த கவிதைகளை எழுதி முடித்திருந்த காலம், அந்த 2 வயதுக் குழந்தைக்கும் அரசர் 11ம் லூயியின் மகள் ழானுக்கும் விவாக ஒப்பந்தம் ஆயிற்று. பெண் பிறந்து சில வாரம்தான். ஷார்ல் சம்மதித்தார். தன்னை எதற்குப் பிணை வைத்தார்கள் என்று 30 வருஷம் எழுதியவர், தன் பிள்ளையைப் பிணை வைப்பதில் ஒரு கணமும் தயங்கியதாகத் தெரியவில்லை. 14 வயது மாரியைப் பற்றிச் சொன்னபோதே இதைக் கேட்டிருக்கவேண்டும். கவிதை அவருக்குக் கண்ணைக் கொடுத்தது, கையைக் கட்டவில்லை. 1465 ஜனவரியில் அம்புவாஸில் இறந்தார்.

ழான் உடல் ஊனத்தோடு வளர்ந்தாள். 1476ல் கல்யாணத்தை அரசர் பிடிவாதமாக நடத்தினார். அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளைகளை வளர்க்க அதிகம் செலவாகாது என்று ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஓர்லெயான் வம்சம் அதோடு அற்றுப்போக வேண்டும் என்பது எண்ணம். நடந்தது வேறு. 1498ல் அரசரின் நேர்வாரிசு அற்றுப்போய், ஷார்லின் மகன் 12ம் லூயியாக அரியணை ஏறினான். கொலையுண்டவரின் பேரன், கொன்றவரின் கொள்ளுப்பேரன், ஒரே உடம்பில். முதல் காரியமாக ழானைத் தள்ளிவைத்தான். விசாரணையில் அவளுடைய உடம்பைப் பற்றி நீதிமன்றத்தில் பேசினார்கள். அவள் ஒரு கன்னியர் சபை நிறுவினாள். 1950ல் திருச்சபை அவளைப் புனிதையாக்கியது.

லூயியின் இரண்டாவது காரியம் 1387ம் ஆண்டுப் பத்திரம். 1499ல் படை எடுத்து மிலானைப் பிடித்தான். இத்தாலிய யுத்தங்கள் அவன் காலத்தோடு முடியவில்லை. மிலான் டியூக் லுதொவிகோ ஸ்ஃபோர்ஸா 1500ல் பிடிபட்டு பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார். வைத்த இடம் லோஷ். கிழவர் ஷார்ல் கருணை கேட்டதால் அலான்சோன் போய்ச்சேர்ந்த அதே கோட்டை. லியோனார்தோவை ஆதரித்த அந்த மனிதர் அங்கேயே 1508ல் இறந்தார். 25 வருஷம் கைதியாக இருந்தவரின் மகன் அவருக்கு மீட்புத்தொகை எதுவும் பேசவில்லை. லோஷில் அவர் இருந்ததாகக் காட்டும் அறையின் சுவர்களில் வண்ணத்தில் வரைந்த கோலங்களும் எழுத்துக்களும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.